கழித்தால் ஒன்று

ஆபீசில் எனக்கு நட்சத்திரக்காரன் என்று பெயர். ஜோசியம் பார்க்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களை ஊர், வயது, ஆண், பெண், மணமானவர், மணமாகாதவர் என்று பிரித்து மாநிலத்துக்கே ஓர் அறிக்கை ஆண்டுதோறும் வருகிறதே, அது எங்கள் பிரிவிலிருந்துதான் போகிறது. அதில் ஐந்துக்குக் குறைவான எண் எங்கே வந்தாலும் அதை அழித்துவிட்டு அங்கே ஒரு நட்சத்திரக் குறி போடுவது என் வேலை. ஐயாயிரம் பேர் என்று சொன்னால் அது கூட்டம். இரண்டு பேர் என்று சொன்னால் உடனே பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்கில் வியர்க்கும். அதற்காகத்தான் நட்சத்திரம்.

பெண்கள் பக்கத்தைத் திறந்தால் எந்த வருஷமும் ஒரே கதைதான். முதலில் நிற்பது கல்யாணமான பெண்கள். அடுத்து விதவைகள். வாழ்நாளில் ஒரே ஒரு ஆணை அறிந்தவர்கள், அவனையே கட்டிக்கொண்டவர்கள். கல்யாணமே ஆகாத பெண்கள் கடைசி வரிசையில் ஒன்றும் இரண்டுமாக இருப்பார்கள். என் நட்சத்திரங்களில் பாதி அந்த வரிசைக்குத்தான் போகும். இந்த விவரத்தை நான் யாரிடம் சொன்னாலும் அப்படியா என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே தாங்கள் ஏற்கெனவே நம்பியதை நம்பப் போய்விடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

என் அக்கா தையற்காரி. நாங்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். நெடுஞ்சாலை ஓரத்து ஊர். லாரிகள் நின்று, சாப்பிட்டு, தூங்கிப் போகும் இடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அளவு சரியா வரல" என்பாள். அம்மா அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தத் தையல் மெஷின்தான். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. எனக்கு எது என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

அந்த வருஷம் அவள் ஊர்க் கட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இப்படி இருந்தார்கள்: மணமானவர் ஒன்பது, விதவை ஏழு, மணமாகாதவர் ஒன்று. அந்த ஒன்றை அழித்து நட்சத்திரம் போட்டேன். கூட்டுத்தொகையையும் எடுத்துவிட்டேன். என் கை சுத்தம். பக்கத்துக் கட்டடத்தில் மருந்து கொள்முதல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எந்த ஊருக்கு எத்தனை பேருக்கு மாத்திரை வாங்குகிறோம் என்று அவர்களும் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் எந்த ரகசியமும் இல்லை. அந்த ஊர், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள், பதினேழு. அவ்வளவுதான். அவர்கள் கையும் சுத்தம். இரண்டு சுத்தமான காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க இரண்டு கட்டடத்திலும் ஆள் இல்லை.

ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எனக்கும் பாடம் எடுத்தவர். கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் தொல்லை. எங்கே எண்ணைக் கண்டாலும் கூட்டிப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. ஹோட்டல் பில்லில் தப்பு, பேருந்து அட்டவணையில் தப்பு, தேர்தல் முடிவில் தப்பு என்று கண்டுபிடித்து ஊர் வாட்சப் குழுவில் போட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் நட்சத்திரம் அவருக்கு ஒரு சவாலாகப் பட்டிருக்கிறது. ஒரு காலை எழுதினார்: "அரசு மறைத்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். பதினேழில் ஒன்பதும் ஏழும் போனால் ஒன்று. கணக்கிடமிருந்து எதுவும் தப்பாது." குழுவில் எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். கைதட்டி முடிந்ததும் ஒருவர் கேட்டார், "அந்த ஒண்ணு யாரு சார்?"

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். பதினாறு பேரை யாரும் தேடவில்லை. தேடினால் சொந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். அந்த ஒன்றைத்தான் தேடினார்கள்.

ஊரில் ஐம்பதைத் தாண்டிய கல்யாணமாகாத பெண்கள் மூன்று பேர். ஒருத்தர் பள்ளித் தலைமை ஆசிரியை. அவர் அண்ணன் நகரமன்றத் தலைவர், அதனால் அவரைப் பற்றி நினைக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்னொருத்தி நூலகர். அக்காவின் சிநேகிதி. அக்கா அவளைக் கண்ணாடி என்பாள், அவள் அக்காவை ஊசி என்பாள். மூன்றாவது என் அக்கா. அக்காவின் கடை லாரி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. டிரைவர்கள் கிழிந்த சீட் உறையைக் கொண்டுவந்து தைத்துக்கொண்டு போவார்கள். ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அக்கா முதலில் என்னிடம் சொல்லவில்லை. "வேலை கொஞ்சம் கம்மிடா" என்றாள் போனில். விஷயத்தைச் சொன்னது நூலகர் அக்கா.

"தம்பி, நீ ஒரு தடவ வந்துட்டுப் போ. குடுத்த துணியெல்லாம் திரும்ப வாங்கிட்டுப் போறாங்க. அவசரமில்லக்கா, அப்புறம் தைச்சுக்கலாம்னு சொல்லிட்டு. நேத்து ஒருத்தி கேக்கறா, அளவு எடுக்கறப்ப குண்டூசி குத்துமான்னு. உங்க அக்கா சிரிச்சுட்டே, வாயில இருந்த குண்டூசியெல்லாம் எடுத்து டப்பாவுல போட்டா. எனக்குத்தான் அழுகை வந்துச்சு."

லீவு போட்டுவிட்டுப் போனேன். கடையில் வேலை பார்த்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். வெட்டும் மேசை துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. அந்த மேசையை நான் காலியாகப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அதன் கீழே துணித் துண்டுகளின் மேல்தான் படுத்துத் தூங்குவேன். அக்கா மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்றும் போட்டிருப்பாள் போல, எண்ணெய் வழிந்தது.

"வாடா. ஆளே இல்லாத கடைக்கு அரசாங்க அதிகாரி வந்திருக்கார்."

"அக்கா, இந்த ஊருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"ஊர் இருக்கட்டும். நீ கேக்க வந்தத கேளு."

"நான் ஒண்ணும் கேக்க வரல."

"அப்ப ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கற?"

பார்க்க முடியவில்லைதான். பேருந்தில் வரும்போது, அந்த ஒன்று மூன்று பேரில் ஒருத்தி என்று ஒரு கணம் நானும் கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் தொழில் வியாதி அது. அவள் என் முகத்தை மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"போன மாசமே டெஸ்ட் எடுத்துட்டேன். ஒண்ணும் இல்ல. போதுமா?"

"அப்ப அத எல்லார்கிட்டயும் காட்டலாமே!"

"காட்டறேன். சுவத்துல ஒட்டறேன். அப்புறம்? மூணுல நான் போயிட்டா மிச்சம் ரெண்டு. தலைமை ஆசிரியைய யாரும் தொட மாட்டான். அப்ப யாரு?" நூலகம் இருக்கும் தெருப் பக்கம் தலையை ஆட்டினாள். "அவ மூணு வருஷமா மாற்றல் கேட்டுட்டு இருக்கா, அவங்க அம்மாவப் பாத்துக்க. இதுல இது வேறயா?"

"அவங்களுக்கு நிஜமாவே இருந்தா?"

அக்கா என்னை அடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். கையை ஓங்கிவிட்டு, எண்ணெய்க் கையாக இருக்கவும் நிறுத்தினாள். "இருந்தா என்னடா? இருந்தா மட்டும் இவனுங்க பண்றது சரியாயிடுமா? வாய மூடிட்டுச் சாப்பிட வா."

வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம் என்று போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த வயதில் அவர் எனக்காக எழுந்து நின்றது என் கோபத்தைப் பாதி தின்றுவிட்டது.

"நான் கழித்தல் கணக்குதாம்பா போட்டேன்" என்றார். "யார் பேரையும் சொல்லல."

"பேர் சொல்ல ஊர் இருக்கே சார்."

"அழிச்சுட்டேன்பா அந்த மெசேஜ. எல்லார்கிட்டயும் ஏற்கெனவே போயிடுச்சாம்." போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "விடையில தப்பு இருந்தா சொல்லு. தப்புன்னு எழுதிடறேன்."

விடையில் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் வேலை ஊருக்குத் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது. விடை சரி. கணக்கு சரியா?

மறுநாள் ஆபீசில் அந்த ஊரின் மூல விவரத்தை எடுத்தேன். அதில் பெயர் இருக்காது. சிகிச்சை மையம் கொடுக்கும் ஒரு குறியீட்டு எண், பக்கத்தில் வரிசையாகத் தகவல்கள். மணமாகாதவர் என்றிருந்த அந்த ஒரே வரியைக் கடைசி வரை படித்தேன். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் இப்படி இருந்தது: கணவரும் சிகிச்சையில் இருக்கிறாரா? ஆம்.

கல்யாணமே ஆகாதவளுக்குக் கணவன் எங்கிருந்து வந்தான்? மையத்தில் பதிவு செய்யும் செவிலியருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, பொறுமையான பெண்.

"சில பேர் உக்காந்த உடனே அழுதுடுவாங்க சார். அப்ப நாங்க கல்யாணம் ஆச்சா, எத்தன குழந்தைன்னு கேட்டுட்டு இருக்க மாட்டோம். அந்தக் கட்டத்த காலியா விட்டுடுவோம். ஏன் சார்?"

காலியாகத்தான் விட்டிருக்கிறார்கள். மென்பொருள் விடவில்லை. போன வருஷம் புதிதாகப் போட்டது அது. காலிக் கட்டத்தைக் கண்டால் பட்டியலில் முதலில் இருக்கும் பதிலை எடுத்துத் தானே நிரப்பிக்கொள்ளும். முதல் பதில் 'மணமாகாதவர்'. அவ்வளவுதான் விஷயம். ஒருத்தி அழுதாள், ஒருத்தி இரக்கப்பட்டாள், ஒரு இயந்திரம் கட்டத்தை நிரப்பியது. ஊர் தேடிக்கொண்டிருந்த அந்தப் பெண் உலகத்திலேயே இல்லை.

என்னையும் அறியாமல் எழுந்து நின்று மேசையைத் தட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர், "என்னய்யா, லாட்டரியா?" என்றார்.

இயக்குநரிடம் ஓடினேன். எங்கள் இயக்குநருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்: அடுத்த வருஷம் பார்க்கலாம்.

"திருத்தம் போட்டா நாம தப்பு பண்ணோம்னு ஆயிடும்" என்றார்.

"தப்புதானே சார் பண்ணோம்."

"மென்பொருள் பண்ணுச்சு. மாநில மொத்தத்துல ஒரு மாற்றமும் இல்ல. ஒரு ஆள் ஒரு கட்டத்துலேந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போகுது. இதுக்குப் போய் ஒரு திருத்தமா?"

"அந்தக் கட்டத்துல இப்ப எங்க அக்கா உக்காந்திருக்கா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நாலு வாரம் அவர் அறை வாசலில் காவல் நின்றேன். விண்ணப்பம் எழுதினேன், கெஞ்சினேன், ஒருநாள் கத்தியும்விட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் இணையதளத்தில் திருத்தம் வந்தது. குறிப்பிட்ட அட்டவணையில், அந்த ஊருக்கு எதிரே, மணமானவர் ஒன்பது என்பதைப் பத்து என்றும், மணமாகாதவர் என்ற கட்டத்தில் உள்ள நட்சத்திரத்தைச் சுழியம் என்றும் திருத்திப் படிக்கவும். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே அழகான வரி அதுதான் என்று நினைத்தேன். அந்தப் பத்தாவது பெண்ணும் ஒன்பது பேருக்கு நடுவில் பத்திரமாக இருப்பாள். யாரும் யாரையும் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாத்தியாருக்கு அனுப்பினேன். அவர் அன்றே குழுவில் போட்டார். "என் விடை தவறு. கேள்வியே தவறாக இருந்தது. மணமாகாதவர் சுழியம். இதனால் மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார். அந்தக் குழுவில் யாராவது மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "பள்ளிச் சீருடை முழுசும் எனக்கே குடுத்துட்டாங்கடா. ரெண்டு பொண்ணுங்களும் வேலைக்குத் திரும்பி வந்துட்டாங்க." குரலில் துள்ளலே இல்லை.

"அப்புறம் ஏன் இப்படிப் பேசற?"

"நீ வா" என்றாள்.

போனேன். கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் துணியும் கையுமாக நின்றார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசை ஓரமாக நின்றேன். அக்கா ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே பேச ஆரம்பித்தாள்.

"வாங்க தம்பி. உங்க அக்காவ நாங்க யாரும் சந்தேகப்படவே இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவதான்னு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "பாருங்க, அவ மாற்றல் வாங்கிட்டுப் போன பத்தே நாள்ல சுழியம்னு வந்துடுச்சு. ஆளும் போயிட்டா, எண்ணும் போயிடுச்சு."

நூலகர் அக்காவுக்கு மாற்றல் கிடைத்ததே எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் கிடப்பில் கிடந்த மனு, யாரோ ஒரு குமாஸ்தா தூசி தட்டியதில் இந்த மாசம் பார்த்துக் கிடைத்திருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருக்கிறாள். நான் நாலு வாரம் வாசலில் நின்று வாங்கிய சுழியம் அவள் முதுகில் போய் விழுந்திருக்கிறது.

"இங்க பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "அந்த எண்ணே தப்பு. ஆரம்பத்துலேந்தே அப்படி யாருமே இல்ல. அது கல்யாணமான ஒருத்தங்க கணக்கு, கம்ப்யூட்டர் மாத்திப் போட்டுடுச்சு. நான் அந்த ஆபீஸ்லதான் வேலை செய்றேன், நானே பாத்தேன்."

அங்கே நின்றவர்களில் அநேகமாக எல்லோரும் கல்யாணமானவர்கள். ஒருத்தி மட்டும் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் சட்டென்று அவளிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். நான் சொன்னதை நம்பினால் இவர்கள் அடுத்து யாரைப் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கு அதோடு நின்றுவிட்டது.

நான் பயந்திருக்கத் தேவையில்லை. அளவு கொடுத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"அக்காவும் இதத்தான் சொல்றாங்க, வர்றவங்க எல்லார்கிட்டயும். சிநேகிதிய விட்டுக்குடுக்காம. அக்காவுக்கும் தம்பிக்கும் எவ்ளோ பெரிய மனசு!"

மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அக்கா வாயில் குண்டூசியோடு என்னைப் பார்த்தாள். மூன்று நாலு நாளாக இவள் சொல்லிச் சொல்லிக் கேட்ட பதில் இதுதான் என்று புரிந்தது. சாட்சி சொல்லச் சொல்ல எங்களுக்குப் புண்ணியம் சேருகிறது, நூலகர் அக்காவுக்குப் பழி சேருகிறது. இதை எந்த அட்டவணையில் திருத்துவது? எந்த இயக்குநரின் வாசலில் போய் நிற்பது? எனக்குக் கையைக் காலை உதைத்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

மேசை மேல் கிடந்த அக்காவின் போன் அடித்தது. திரையில் 'கண்ணாடி' என்று வந்தது. அக்காவின் இரண்டு கையும் அளவு நாடாவில் இருந்தன. வேலைக்கு வந்த பெண்ணொருத்தி உதவி செய்வதாக நினைத்து, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"ஏய் ஊசி! வாத்தியார் போட்டதப் பாத்தேன்டி இப்பத்தான்! சுழியமாமே! அன்னிக்கே சொன்னேனா இல்லையா, உண்மை வெளிய வரும்னு? அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிக்கறேன். கடையில கூட்டமா?"

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"கூட்டம்தான்" என்றாள்.

"அப்படிப் போடு! அடுத்த மாசம் லீவுக்கு வர்றேன். உன் வீட்லதான் தங்குவேன். லைப்ரரிக்கு வர்ற பசங்க எல்லாரையும் பாக்கணும். எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சு வை, அளவு உன்கிட்ட இருக்கில்ல?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தாள், நூலகர் அக்கா அந்த நிமிஷமே உள்ளே வரப்போவது போல. அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இப்ப வராதடி" என்றாள் அக்கா.

"ஏன்?"

"வேலை தலைக்கு மேல கெடக்கு. சீருடை முடியணும். நானே சொல்றேன், அப்புறம் வா."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "ஓகோ, நாலு கஸ்டமர் வந்த உடனே எங்களையெல்லாம் மறந்தாச்சா?"

"ஆமாடி" என்றாள் அக்கா. அவளும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் யார் முகத்திலும் பார்க்க விரும்ப மாட்டேன். "மறந்தாச்சு. வை போன."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு, எதிரே நின்றவளிடம் கையைத் தூக்கச் சொன்னாள்.